காற்று எங்கால போய் எங்கால வரும்? திருகோணமலையில் வீட்டிலேயே ஒரு கணினிக் கேசிங் செய்வது

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஓடாவி மாமா ஒருவர் இருக்கிறார். மரத்தோணி கட்டிய காலம் போய், இப்போது கதவு, நிலை, மேசை என்று கிடைத்த வேலையைச் செய்கிறார். நான் முதன்முதலாகச் செய்த கேசிங்கைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குத்தான் காட்டினேன். சுற்றிவரப் பார்த்தார். மூலையில் விரலால் தட்டினார். பிறகு கேட்டார்: “பெட்டி வடிவாத்தான் இருக்கு தம்பி. இதுக்குள்ள காத்து எங்கால போய் எங்கால வரும்?”

என்னிடம் பதில் இல்லை. முன்பக்கம் முழுப் பலகை. பின்பக்கம் ஒரு ஃபேன் ஓட்டை. பக்கவாட்டில் கண்ணாடிபோலப் பளபளக்கும் பிளாஸ்ரிக் தகடு, பெர்ஸ்பெக்ஸ். ஆடி மாதக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியில் 35 பாகை. கணினியைப் போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, தானாக நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் பெர்ஸ்பெக்ஸ் இடியப்பத் தட்டுப்போல் சுட்டது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு செய்துவிட்டேன். மூன்றாவது இப்போதும் மேசையில் ஓடுகிறது. இந்தக் கட்டுரை ட்ரில் மெசினைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அல்லது பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தெரிந்தவர்களுக்கு. கணினியின் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம்பிடிப்பதுதான் நோக்கம் என்றால் பழைய கேசிங் ஒன்றை வாங்கித் துடைத்துப் பெயின்ட் அடியுங்கள். நான் இதில் இறங்கியது 2022இல். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியிருந்த நேரம். கணினியின் வேகத்தை ஒரு துளியும் கூட்டாத ஒரு தகரப் பெட்டிக்கு அந்த விலை கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் பலகை, வார்னிஷ், ஸ்குரூ, உடைந்த ட்ரில் பிட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. கிடைத்தது வேறு: என் மேசைக்கு, என் அறைக்கு, இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற ஒரு பெட்டி.

மரத்தில் கணினிப் பெட்டியா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சங்கதி. 1976இல் வந்த அப்பிள் 1 கணினி வெறும் மின்சுற்றுப் பலகையாக, அதாவது போட் ஆகத்தான் விற்கப்பட்டது. பெட்டியை வாங்கினவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் மரத்தில்தான் செய்தார்கள்.

முதலில் ஒரு செத்த கேசிங் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர் எல்லாவற்றையும் தன் கையால் செய்ய ஆசைப்படுவார். நானும் பட்டேன். ஆனால் கேசிங்கில் இரண்டு இடங்கள் மில்லிமீற்றர் கணக்கில் சரியாக இருக்க வேண்டியவை. ஒன்று, மற்ற உறுப்பெல்லாம் செருகும் முக்கிய போட்டான மதர்போட் உட்காரும் தகடு. மற்றது, பின்பக்கத் தகடு. யுஎஸ்பி, நெட்வேர்க் வாய்கள் வெளியே தெரியும் ஜன்னலும், கிராஃபிக்ஸ் காட் பூட்டும் வெட்டுகளும் உள்ள தகடு அது. அந்த ஜன்னல் 158.75க்கு 44.45 மி.மீ. காட்கள் இறங்கும் வெட்டுகளுக்கு இடையில் 20.32 மி.மீ. இந்த எண்களை அரத்தாலும் ஹக்சோவாலும் வீட்டில் எட்டிப்பிடிக்கப் போனால் ஒரு கிழமை போய்விடும், காட்டும் சரியாக இறங்காது.

ஆகவே பழைய இரும்பு வாங்குபவரிடம் சொல்லி வையுங்கள். கணினி திருத்தும் கடைகளின் பின்வளவில் இப்படியான தகரப் பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கேட்டால் தருவார்கள். முன்முகம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கக் கதவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின்தகடும் மதர்போட் தகடும் நெளியாமல் இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று விற்ற சில கணினிகளில் மதர்போட்டும் பவர் சப்ளையும் அவர்களுக்கே உரிய தனி அளவில் இருக்கும். அந்தத் தகட்டில் வேறு போட் பொருந்தாது. எடுப்பதற்கு முன் உங்கள் போட்டை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

இந்தத் தகடுகள் ரிவெட்டால் பிணைத்திருக்கும். ரிவெட்டின் தலையை 4 மி.மீ. ட்ரில் பிட்டால் குடைந்தால் கழன்று வரும். கையுறை போடுங்கள். மலிவான கேசிங்கின் தகர விளிம்பு சவர அலகுக்குக் குறைந்ததல்ல, என் இடது பெருவிரல் சாட்சி. வெட்டியதும் விளிம்பை அரத்தால் தேய்த்து, அன்றைக்கே ப்ரைமர் பூசிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டச்சுக் குடாப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: இரவு வெறும் இரும்பை வெளியில் வைத்தால் காலையில் செம்மஞ்சள்.

அளவுகள்

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். மதர்போட்டில் மூன்று அளவுகள் அதிகம் புழங்குகின்றன. முழு ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலம், 86 உயரம். நீளம் 140இல் தொடங்கும், வலுக்கூடியவை இன்னும் நீளும். 120 மி.மீ. ஃபேனின் தடிப்பு 25, அதன் ஸ்குரூ ஓட்டைகளுக்கு இடையில் 105.

நம்மிடம் அதிகம் இருப்பது மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பதால் அதை வைத்துக் கணக்குப் போடுவோம். பெட்டி நிமிர்ந்து நிற்கிறது. பவர் சப்ளை கீழே, போட் மேலே.

உயரம்: பவர் சப்ளைக்கு 86, அதன் கீழே காற்று இழுக்க 20, போட்டுக்கு 244, மேலே கையும் வயரும் போக 30. மொத்தம் 380. ஆழம்: கிராஃபிக்ஸ் காட் 280 என்றால், முன் ஃபேனுக்கு 25, நடுவில் வயர் மடங்க 35, மொத்தம் 340. அகலம்தான் பலரும் பிழைவிடும் இடம். சிபியூவின் கூலர் எவ்வளவு உயரம் என்று அளந்தீர்களா? நெடிய கூலர்கள் 155 முதல் 160 மி.மீ. வரை போகும். போட் தகட்டிலிருந்து 6.5 மி.மீ. எழும்பி நிற்கும். போட்டின் தடிப்பு 1.6. தகட்டுக்குப் பின்னால் வயர் ஒளிக்க 20 வேண்டும். கூட்டினால் 190ஐ நெருங்கும், 195 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் காட்டின் பவர் வயர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் இந்த அகலத்துக்குள் அடங்கும்.

ஆக, உள்ளளவு 380 உயரம், 195 அகலம், 340 ஆழம். 12 மி.மீ. பலகையில் செய்தால் வெட்ட வேண்டியவை இவை:

பக்கப் பலகை இரண்டு (ஒன்று கழற்றும் கதவு), 404க்கு 340.
மேலும் கீழும் இரண்டு, 195க்கு 340.
முன்முகம் ஒன்று, 404க்கு 219.

பின்பக்கம் பழைய கேசிங்கின் தகடு. இந்த ஐந்து துண்டும் 4 அடிக்கு 2 அடி பலகையில் அடங்கிவிடும். 404 மி.மீ. உயரத்தில் பக்கப் பலகைகளையும் முன்முகத்தையும் வரிசையாக வைத்தால், மிச்சமாகும் பட்டையில் மற்ற இரண்டும் இருக்கும். முழுத் தாள் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கிடைத்த பின்தகடு வேறு அளவாக இருந்தால், அல்லது பவர் சப்ளை மேலே வருகிற பழைய மாதிரியாக இருந்தால், பலகையின் அளவைத் தகட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். தகட்டை வெட்டிப் பலகைக்குப் பொருத்தப் போகாதீர்கள்.

வரைவதற்குக் கணினி மென்பொருள் வேண்டும் என்றில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாள் போதும். எனக்குப் பிடித்தது இதுதான்: ஒரு சதுரம் ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்து, மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்து வரைந்து, ஒவ்வொரு உறுப்பையும் தனிக் கடதாசியில் வெட்டி மேலே நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது.

மட்டையில் ஒரு முறை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் பெட்டியில் தாண்டிப் போனேன், கிராஃபிக்ஸ் காட் 8 மி.மீ. நீளமாகிவிட்டது. பிறகு முன்முகத்தின் உட்பக்கத்தை உளியால் குடைந்து இடம் எடுக்க வேண்டியிருந்தது.

பிஸ்கட் பெட்டி, ரீவி வந்த பெட்டி, எந்த மட்டையும் சரி. பலகையில் வெட்டப்போகும் அதே அளவில் வெட்டி, டேப்பால் ஒட்டிப் பெட்டியாக நிறுத்துங்கள். பழைய பின்தகட்டையும் அதிலேயே நிறுத்துங்கள். உள்ளே உறுப்புகளை வையுங்கள். போட்டைத் தகட்டில் பூட்டி, பவர் சப்ளையை வைத்து, வயரெல்லாம் செருகிப் பாருங்கள், மின்சாரம் கொடுக்காமல். மட்டை 12 மி.மீ. தடிப்பு இல்லை என்பதால் உள்ளளவைப் பார்த்து ஒட்டுங்கள்.

இப்போது உங்கள் கை உள்ளே போகிறதா? ரெம் கிளிப்பைத் திறக்க முடிகிறதா? பவர் சப்ளையின் தடித்த வயர் போட்டின் ஓரம் வரை எட்டுகிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற பதில் அடிக்கடி வரும். மலிவான பவர் சப்ளைகளில், சிபியூவுக்குப் போகும் வயர் போட்டின் மேல் மூலை வரை எட்டாது. அப்படியானால் நீட்டிக்கும் வயர் ஒன்றை இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் யாரையாவது பிடித்து வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டி முடிந்த பிறகு 260 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒரு வயருக்காகக் காத்திருப்பது நல்ல அனுபவம் இல்லை.

மட்டைப் பெட்டியிலேயே ஃபேன் ஓட்டைகளையும் பேனையால் வரையுங்கள். சுடுகாற்று மேலே ஏறும், குளிர்காற்று கீழிருந்து வர வேண்டும். ஆகவே முன்முகத்தின் கீழ்ப்பாதியில் உள்ளே இழுக்கும் ஃபேன், பின்னால் மேலே வெளியே தள்ளும் ஃபேன். நான் முன்னால் இரண்டு வைத்தேன், பின்னால் ஒன்று. இழுப்பது தள்ளுவதைவிடக் கூடுதலாக இருந்தால், பெட்டிக்குள் காற்று நிறைந்து சின்னச் சின்ன இடுக்குகளால் வெளியே போகும். தூசி நீங்கள் வலை போட்ட வழியால்தான் வர முயற்சிக்கும். தள்ளுவது கூடினால் மறுவளம், எல்லா இடுக்காலும் புழுதி இழுபடும். கச்சான் காலத்தில் மேசையைக் காலையில் துடைத்தால் மத்தியானம் பெயர் எழுதலாம். அப்படியான ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

பலகை

மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம். இதை வேறு ஊர்க்காரர் சொன்னால் நீங்கள் கேட்காமல் விடலாம், திருகோணமலைக்காரன் சொல்கிறேன். என் முதல் பெட்டி எம்டிஎஃப்தான். வெட்ட இதமாக இருந்தது, பெயின்ட் கண்ணாடிபோல ஏறியது. கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் தொடங்க, அடிப்பலகையின் விளிம்பு ஊறின பாண்போல உப்பியது. ஸ்குரூ எல்லாம் கழன்று கையோடு வந்தது.

ஒட்டுப்பலகை எடுங்கள். முடிந்தால் ஈரம் தாங்கும் மெரைன் பிளைவுட். 12 மி.மீ. போதும், சட்டமில்லாமலே நிற்கும். விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். அடுக்குகளுக்கு நடுவில் கறுப்புப் பொந்துகள் தெரிந்தால் வேண்டாம், ஸ்குரூ அந்தப் பொந்தில் போய்த் தொங்கும்.

முதிரைப் பலகை வீட்டில் கிடக்கிறது, அதில் செய்யட்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். செய்யலாம், அழகுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ட்ரில் பிட்டும் நாலைந்து போகும். முன்முகத்தை மட்டும் முதிரையில் போட்டு மற்றதைப் பிளைவுட்டில் செய்வது புத்தி.

மரக்காலையிலோ தச்சுப் பட்டறையிலோ மெசினில் வெட்டித் தரச் சொல்லுங்கள். அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அங்குலத்தில் அல்ல, மி.மீ.இல். வாயால் சொன்ன 404, வெட்டி முடியும்போது பதினாறு அங்குலம் ஆகிவிடும். பதினாறு அங்குலம் என்பது 406.4. அந்த 2.4 மி.மீ. பின்தகட்டின் பக்கத்தில் பல்லைக் காட்டும்.

வெட்டுவதும் மூட்டுவதும்

ஃபேன் ஓட்டைக்கு முதலில் 105 மி.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். நான்கு மூலையிலும் ஸ்குரூவுக்கு ஓட்டை. மூலைகளைக் கோடுபோட்டு இணைத்தால் நடுப்புள்ளி கிடைக்கும், அதிலிருந்து 115 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு ஓட்டை போட்டு, ஜிக்சோ அலகை அதற்குள் விட்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து வெட்டினால் சிலாம்பு பின்பக்கத்தில்தான் எழும்பும்.

அழகுக்காகச் சின்னச் சின்ன ஓட்டைகளாகப் போடாதீர்கள். முன்முகத்தில் யன்னல்போல ஒரே பெரிய வெட்டு, அதன்மேல் நான்கைந்து மெல்லிய சட்டம். உட்பக்கம் நுளம்பு வலை. ஆம், யன்னலுக்கு அடிக்கிற அதே வலைதான், தூசிக்கு அதைவிட மலிவான வடிகட்டி எனக்குக் கிடைக்கவில்லை. வலை காற்றையும் கொஞ்சம் மறிக்கும், அதனால்தான் வெட்டைப் பெரிதாக வைக்கச் சொல்கிறேன். வலையை ஒட்டிவிடாமல் சின்னச் சட்டத்தில் அடித்துக் காந்தத்தால் பிடிக்க வையுங்கள், கழற்றிக் கழுவலாம்.

மூட்டுவதற்கு ஓடாவி மாமா காட்டித் தந்த முறை: ஸ்குரூவைவிட மெல்லிய பிட்டால் முதலில் ஓட்டை போடு, ஸ்குரூவின் புரியைச் சவர்க்காரக் கட்டியில் ஒரு தரம் தேய், பிறகு முறுக்கு. வெண்ணெய்க்குள் போவதுபோலப் போகும், பலகையும் பிளக்காது. விளிம்பில் பலகைப் பசை, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, காயும்வரை கயிற்றால் கட்டி விடுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிச் சுற்றலாம்.

வார்னிஷில் அவசரம் வேண்டாம். முதல் பூச்சை ரேப்பன்ரைன் கலந்து தண்ணிபோல ஆக்கிப் பூசுங்கள், மரம் குடிக்கட்டும். காய்ந்ததும் மெல்லிய சாண்ட் பேப்பர், பிறகு இரண்டு பூச்சு. விளிம்புகளுக்கு இன்னும் ஒன்று கூட. தண்ணீர் குடிப்பது விளிம்புதான். உட்பக்கத்தையும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாதென்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துப் பலகை வளையும்.

பக்கக் கதவைப் பெர்ஸ்பெக்ஸில் போட விரும்பினால் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே ஓட்டை போடுங்கள், அடியில் மரத்துண்டு வைத்து, மெதுவான வேகத்தில். கதவுக்குச் சுற்றிவர 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்குரூ விசயம்: துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூ நல்லது. ஆனால் அலுமினியத் தகடோ எல் ஆங்கிளோ பாவிக்கிறீர்கள் என்றால், இரண்டும் நேரே தொடும் இடத்தில் உப்புக்காற்று பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நடுவில் ஒரு நைலோன் வொஷர் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

உள்ளே பூட்டும்போது

வெட்டும் வேலை எல்லாம் முடிந்து, பெட்டியைத் துடைத்து, தூசி ஊதி, இரும்புத்தூள் ஒன்றும் இல்லை என்று ஒரு காந்தத்தை இழுத்துப் பார்த்த பிறகுதான் மதர்போட் அறைக்குள்ளேயே வர வேண்டும். ஒரு இரும்புச் சிலாம்பு போதும் போட்டைச் சுட.

போட்டின் கீழே நிற்கும் பித்தளைத் தண்டுகளை எண்ணுங்கள். மினி ஐடிஎக்ஸ் போட்டுக்கு 4 ஓட்டை, முழு ஏடிஎக்ஸுக்கு 9. உங்கள் போட்டில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும்தான் தண்டு நிற்க வேண்டும். பழைய தகட்டில் முன்பிருந்த தண்டு ஒன்று தப்பி நின்றால், அது போட்டின் அடியில் போய் முட்டிச் சோட் ஆக்கும்.

பழைய தகடு கிடைக்காமல் 2 மி.மீ. அலுமினியத்தில் நீங்களே தகடு செய்கிறீர்கள் என்றால், போட்டைத் தாளின்மேல் வைத்து, ஓட்டைகளுக்குள்ளால் பேனை ரிஃபிலை விட்டு அடையாளம் குத்துங்கள். போட்டின் ஓட்டை ஏறக்குறைய 4 மி.மீ., ஸ்குரூ 3 மி.மீ. ஆகவே அரை மி.மீ. பிழை பொறுக்கும். அதற்கு மேல் பொறுக்காது.

இனி, மரப்பெட்டிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விசயம்: எர்த், அதாவது கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போகும் வழி. தகரக் கேசிங்கில் எல்லா உலோகமும் ஒன்றையொன்று தொட்டு, பவர் சப்ளையின் உடலோடு சேர்ந்து, பிளக்கின் எர்த் ஊசி வரை தொடர்ச்சியாக இருக்கும். மரத்தில் அப்படி இல்லை. போட் நிற்கும் தகடு, பின்தகடு, பவர் சப்ளை மூன்றும் உலோகத்தால் தொடுகின்றனவா என்று மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். ஒரு முனையைத் தகட்டில், மற்றதைப் பிளக்கின் நீண்ட ஊசியில், பிளக்கைச் சுவரில் செருகாமல். ‘பீப்’ வந்தால் சரி. வராவிட்டால் பவர் சப்ளையின் ஸ்குரூவிலிருந்து தகட்டுக்கு ஒரு பச்சை வயர் இழுத்துப் பூட்டுங்கள். பெயின்ட் பூசிய இடத்தில் பூட்டினால் பயனில்லை, அந்த இடத்தைச் சுரண்டிவிடுங்கள்.

என் இரண்டாவது பெட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது பின்தகட்டில் புறங்கை பட்டது. எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம். என் வேலையில் பிழை என்று இரண்டு நாள் பெட்டியைக் குடைந்தேன். கடைசியில் பிழை எக்ஸ்ரென்சன் கோட்டில். மூன்று ஊசிக்கும் ஓட்டை இருந்தது, உள்ளே திறந்தால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வெறும் பிளாஸ்ரிக். பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள், இரண்டு வயரிலிருந்தும் எர்த்துக்கு இருக்கும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ற்றில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ற், தகட்டில் மிதந்து நிற்கும். ஓடும் மின்சாரம் மிகச் சிறியதுதான், ஆனால் அது வழிதெரியாமல் நிற்கிறது என்றால் நாளைக்குப் பெரிதாக ஒன்று நடந்தாலும் அதற்கும் வழி இல்லை என்று அர்த்தம்.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றர் கடிக்கும்.

சுவிச்சுக்கு வருவோம், இது சந்தோசமான பகுதி. கணினியின் பவர் பட்டன் என்பது அமத்தும்போது மட்டும் இரண்டு ஊசியைத் தொடவைக்கும் ஒரு பட்டன், வேறொன்றும் இல்லை. வாசலில் பூட்டும் பெல் சுவிச்சும் அதையேதான் செய்கிறது. பழைய பெல் சுவிச் ஒன்றை முன்முகத்தில் பதித்து, அதன் இரண்டு வயரையும் போட்டின் பவர் சுவிச் ஊசிகளில் செருகினேன். எந்த வயர் எந்த ஊசி என்று பார்க்கத் தேவையில்லை, மாறினாலும் வேலை செய்யும். சின்ன எல்ஈடி விளக்குக்கு மட்டும் கூட்டல் கழித்தல் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: அமத்தினால் அமர்ந்தே நிற்கும் லைற் சுவிச்சைப் போடாதீர்கள், நான்கு விநாடிக்கு மேல் அமர்ந்தால் கணினி நின்றுவிடும். அந்தப் பெல் சுவிச்சுக்கு வீட்டு மின்சார வயர் எதுவும் பக்கத்திலும் வரக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன், யாராவது பழைய வயரோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

மரம் ரேடியோ இரைச்சலை மறிக்காது. பக்கத்தில் ரேடியோ வைத்தால் இரையும். வைஃபை மட்டும் தகரப் பெட்டியைவிட நன்றாக இழுக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் பெட்டிக்கு வெளியே, மட்டையின்மேல் போட்டை வைத்து ஓட்டுங்கள். வெளியே ஓடினால்தான் உள்ளே ஓடாதபோது பிழை பெட்டியில் என்று தெரியும்.

உள்ளே பூட்டியதும் ஃபேன்கள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று பாருங்கள். ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், குறுக்குச் சட்டம் தெரியும் பக்கத்தால்தான் காற்று வெளியே வரும். சந்தேகம் என்றால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முன்முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். புகை நேரே உள்ளே இழுபட்டு, பின்னால் மேலே வர வேண்டும். பக்கத்தில் சுழன்று திரும்பவும் முன்னால் வந்தால், தள்ளின சுடுகாற்றையே பெட்டி மறுபடி குடிக்கிறது என்று அர்த்தம். அநேகமாகப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். ஒரு சாண் முன்னால் இழுங்கள்.

பிறகு ஒரு மணித்தியாலம் கனமான வேலை கொடுத்து, வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் சிபியூவைப் பாருங்கள். பக்கக் கதவைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் 5 பாகைக்குள் என்றால் பெட்டி மூச்சுவிடுகிறது. 10ஐத் தாண்டினால் முன் வெட்டைப் பெருப்பியுங்கள். இந்தப் பரிசோதனையை மார்கழியில் செய்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், ஆனி ஆடியில் இன்னொருமுறை செய்யுங்கள். 90ஐத் தாண்டினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும் நேரம் தொலைவில் இல்லை.

கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே பெட்டியை வைக்க வேண்டாம். காற்று குளிர்தான், ஆனால் அது உப்பையும் கொண்டுவருகிறது. ஒரு வருசத்தில் யுஎஸ்பி வாய்கள் பச்சை பூக்கும்.

பின்தகட்டில் பாவிக்காத காட் வெட்டுகளை மூடி வையுங்கள். பல்லிக்கு இளஞ்சூடான இருட்டு என்றால் உயிர். திருத்தக் கொண்டுவந்த ஒரு கணினியில் பவர் சப்ளையின் வாயில் காய்ந்து ஒட்டியிருந்த பல்லி ஒன்றை நான் எடுத்திருக்கிறேன். மூடித் தகடு தொலைந்திருந்தால் நுளம்பு வலைத் துண்டு போதும். வலையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

கடைசியாக அந்த 2 மி.மீ. இடைவெளி. வாடைக் காலத்தில் பலகை ஈரம் இழுத்துக் கொஞ்சம் உப்பும், கச்சானில் காய்ந்து சுருங்கும். மார்கழியில் கதவு இறுகித் திறக்க முடியாமல் போனால் சீவுளியை எடுக்காதீர்கள், பங்குனி வரை பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. சீவினேன், சுகமாகத் திறந்து மூடியது. வைகாசியில் பார்த்தால் கதவோரம் சின்னவிரல் போகிற இடுக்கு. அந்த வழியால்தான் இப்போது பல்லி வருகிறது.